நூபியப் பாலைவனத்தில் அல்மஹத்தா சித்தா: ஒரு விண்கல் தேடலின் நிகழ்வு ஆய்வு

விண்ணில் ஒரு பாறையாகச் சுற்றிக்கொண்டிருந்தபோதே தொலைநோக்கியில் பதிவாகி, எங்கே எப்போது விழும் என்று முன்கூட்டியே கணிக்கப்பட்டு, பின்னர் அதன் துண்டுகள் தரையிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்ட முதல் பொருள், 2008 அக்டோபர் 7 அன்று வட சூடானின் நூபியப் பாலைவனத்தின் மேல் வெடித்த 2008 டிசி3 என்ற சிறுகோளாகும். அதன் எஞ்சிய துண்டுகள் அல்மஹத்தா சித்தா விண்கல் என்று பெயர் பெற்றன. இந்நிகழ்வைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் தொலைநோக்கியையும் கணிப்பின் துல்லியத்தையுமே முன்னிறுத்துகின்றனர். அவை போற்றத்தக்கவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், இந்நிகழ்வு அறிவியலுக்கு நிலைத்த பயனைத் தந்தது அடுத்த இரண்டு மாதங்கள் கழித்துத்தான்: கார்ட்டூம் பல்கலைக்கழகத்தின் மாணவர்களும் ஆசிரியர்களும் பாலைவனத்தில் முகாமிட்டு, வரிசையாக நடந்து, ஒவ்வொரு கல்லும் கிடந்த இடத்தைக் குறித்து வைத்தபோது. அந்தத் தேடல் எப்படி நடந்தது, இடக்குறிப்பு என்ற எளிய ஒழுங்கு பின்னாளில் எத்தனை கேள்விகளைத் தீர்த்துவைத்தது என்பதையே இவ்வாய்வு எடுத்துக்கொள்கிறது.

கணிப்பும் வெடிப்பும்

2008 அக்டோபர் 6 அன்று, உலகப் பொது நேரம் 06:39 மணிக்கு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் மவுண்ட் லெமன் மலைமீதுள்ள 1.5 மீட்டர் தொலைநோக்கியில், கேட்டலினா வான் அளவைத் திட்டத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் கோவால்ஸ்கி நகரும் ஒளிப்புள்ளி ஒன்றைக் கண்டார். அதற்கு முதலில் 8டிஏ9டி69 என்ற தற்காலிகக் குறி இடப்பட்டது. சில மணி நேரத்துக்குள், அது பூமியை நோக்கியே வருகிறது என்பதைச் சிறுகோள்களின் பதிவு மையம் கண்டுகொண்டு, நாசாவின் ஜெட் உந்து ஆய்வகத்துக்குத் தகவல் கொடுத்தது. அங்கே ஸ்டீவ் செஸ்லி சுற்றுப்பாதையைக் கணக்கிட்டு, அக்கல் மறுநாள் வட சூடானின் மேல் வளிமண்டலத்துக்குள் நுழையும் என்றார். கண்டறிதலுக்கும் மோதலுக்கும் இடையே இருந்தது ஏறத்தாழ 20 மணி நேரம் மட்டுமே.

அந்த 20 மணி நேரத்தில் உலகின் பல பகுதிகளிலிருந்து வானியலாளர்கள் 500-க்கும் மேற்பட்ட இட அளவீடுகளை அனுப்பினர். கேனரித் தீவுகளில் உள்ள வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கி அதன் நிறமாலையைப் பதிவு செய்தது. ஏறத்தாழ 4 மீட்டர் அகலமும் 80 டன் அளவு எடையும் கொண்ட அக்கல், நிலையான அச்சில் சுழலாமல், நூறு வினாடிக்குச் சற்றுக் குறைவான காலத்துக்கு ஒரு முறை உருண்டு புரண்டுகொண்டே வந்தது என்பது அதன் ஒளி ஏறி இறங்கிய விதத்திலிருந்து தெரிந்தது. மறுநாள், உலகப் பொது நேரம் 01:49 மணிக்கு அது பூமியின் நிழலுக்குள் புகுந்து தொலைநோக்கிகளின் பார்வையிலிருந்து மறைந்தது. அதிலிருந்து 57 நிமிடங்களில், சூடானின் அப்போதைய நேரப்படி அதிகாலை 5:46 மணிக்கு, நொடிக்கு 12 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் வளிமண்டலத்தைத் தாக்கியது.

வெடிப்பை மேலிருந்து அமெரிக்க அரசின் செயற்கைக்கோள்களும், ஐரோப்பாவின் மெட்டியோசாட் 8 வானிலைச் செயற்கைக்கோளும் பதிவு செய்தன. ஏறத்தாழ 1400 கிலோமீட்டர் தொலைவில், முன்னறிவிப்புப் பெற்றிருந்த கேஎல்எம் விமானத்தின் விமானிகள் அடிவானத்தில் ஒளி மின்னியதைக் கண்டனர். மனிதச் செவிக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வொலியைக் கென்யாவில் உள்ள நிலையம் பதிவு செய்தது. கல் உடைந்து சிதறிய உயரம் 37 கிலோமீட்டர். வெளிப்பட்ட ஆற்றல் ஏறத்தாழ ஒரு கிலோ டன் டிஎன்டி வெடிமருந்துக்கு இணையானது.

இந்த 37 என்ற எண்ணே அடுத்து நிகழ்ந்ததைப் புரிந்துகொள்ளத் திறவுகோலாகும். கெட்டியான கல்லாக இருந்திருந்தால் இன்னும் தாழ இறங்கியிருக்கும். அத்தனை உயரத்திலேயே நொறுங்கியது என்றால் அது மிகவும் தளர்வான, துளைகள் நிறைந்த பொருளாக இருந்திருக்க வேண்டும். அவ்வகைத் தீக்கோளங்கள் பொதுவாக வால்மீன் துகள்களோடு ஒப்பிடப்படுபவை. அவற்றிலிருந்து அதுவரை எவரும் ஒரு கல்லைக்கூடத் தரையில் கண்டெடுத்ததில்லை. எல்லாம் தூசியாகிக் காற்றில் கலந்திருக்கும் என்ற எண்ணம் பரவலாக இருந்ததற்குக் காரணம் இதுவே. பாதை தெரிந்திருந்தும் இரண்டு மாதங்கள் யாரும் தேடிச் செல்லாததற்கு, இடத்தின் தொலைவைக் காட்டிலும் இந்த எண்ணமே பெரிய தடையாக இருந்தது என்று கருதுகிறேன்.

ஆறாம் எண் நிலையம்

கணித்த பாதை நூபியப் பாலைவனத்தின் நடுவே, வாடி ஹல்ஃபாவுக்கும் அபு ஹமதுக்கும் இடையே ஓடும் இருப்புப்பாதையை நோக்கிக் கிழக்காகச் சென்றது. 1897-ஆம் ஆண்டில் கிச்சனர் தலைமையிலான ஆங்கிலேய-எகிப்தியப் படை தன் போர்த் தேவைக்காக அமைத்த பாதை அது. நைல் ஆற்றின் பெரும் வளைவைச் சுற்றிப் போகாமல், ஊரோ மரமோ இல்லாத பாலையைக் குறுக்கே வெட்டிச் செல்வதால், அதன் நிலையங்களுக்குச் சூட்டுவதற்கு ஊர்ப்பெயர்கள் இல்லை, எண்களையே இட்டார்கள். அவற்றுள் நான்காம் எண் நிலையத்திலும் ஆறாம் எண் நிலையத்திலும் கிணறு தோண்டியபோது தண்ணீர் கிடைத்தது. தண்ணீர் கிடைத்த இடத்தில் மனிதர் தங்குவர்; மனிதர் தங்கிய இடத்தில் வானத்தைப் பார்த்தவர் இருப்பர். நூற்றுப் பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு விண்கல் தேடலுக்கு ஆறாம் எண் நிலையம் அடையாளமாக அமைந்ததும், கற்கள் அரபு மொழியில் அதன் பெயரையே பெற்றதும் இதன் தொடர்ச்சிதான்.

தேடலைத் தொடங்கிவைத்தவர்கள் இருவர்: கலிபோர்னியாவில் உள்ள செட்டி நிறுவனத்தைச் சேர்ந்த எரிமீன் ஆய்வாளர் பீட்டர் ஜெனிஸ்கென்ஸ், கார்ட்டூம் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் முஆவியா ஷத்தாத். செயற்கைக்கோள் தரவு வெடிப்பின் உயரத்தையும் இடத்தையும் தந்தது. ஜெட் உந்து ஆய்வகம் பாதையின் நிலப்படக் கோட்டைத் தந்தது. ஆனால் களத்தில் இறங்குவதற்கு முன் அக்கோட்டை உறுதிப்படுத்தக் கண்ணால் கண்டவர்கள் தேவைப்பட்டார்கள். மோதல் நிகழ்ந்தது அதிகாலைத் தொழுகை நேரம். ஆகவே பாலைவனத்தின் விளிம்பில் வாழ்வோர் பலர் விழித்திருந்தனர், வெளியே நின்றிருந்தனர். திடீரென நிலம் பகலாகியதையும், பின்னர் விடியலொளியில் வானில் ஒரு தூசித் தடம் மேல்காற்றுகளால் முறுகி வளைந்து நின்றதையும் அவர்கள் பார்த்திருந்தனர். அத்தடத்தை வாடி ஹல்ஃபாவில் ஒருவர் கைபேசியில் படமும் பிடித்திருந்தார். எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில், எந்த மலைக்கு மேலாக என்று ஷத்தாத் போன்ற ஒருவர் அவர்களுடைய மொழியிலேயே கேட்க முடிந்ததால்தான், அந்த நினைவுகள் அளவீட்டுக்கு நிகரான பயனைத் தந்தன.

நடந்து தேடுதல்

2008 டிசம்பர் 5 முதல் 8 வரை நடந்த முதல் தேடலில் பல்கலைக்கழகத்தின் மாணவர்களும் பணியாளர்களுமாக 45 பேர் கலந்துகொண்டனர். அவர்கள் நிலவியல் வல்லுநர்கள் அல்லர். பெரும்பாலோர் விண்கல்லை அதற்கு முன் கையில் எடுத்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. செய்ய வேண்டியது கேட்பதற்கு எளிது: பக்கம் பக்கமாக ஒரு நீண்ட வரிசையில் நின்று, வரிசை கலையாமல், தரையைப் பார்த்துக்கொண்டே பாதையின் கோட்டை ஒட்டி முன்னேற வேண்டும். ஆனால் பாலைவனத்தில் ஒரு பகல் முழுவதும் இதைச் செய்வது கடினமான வேலை. சற்று வேகமாக நடப்பவர் முன்னே போய்விடுவார். மணல்மேடு ஒன்று குறுக்கிட்டால் வரிசை இரண்டாகப் பிரியும். மூன்றாவது மணி நேரத்தில் கண் தரையைப் பார்க்கும், ஆனால் எதையும் காணாது.

இத்தேடலின் பரப்பை உணர ஒரு கணக்கு உதவும். கற்கள் பின்னாளில் கண்டெடுக்கப்பட்ட நிலம் 30 கிலோமீட்டர் நீளமும் 7 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. அதாவது 210 சதுர கிலோமீட்டர். 45 பேர் ஆளுக்குப் பத்து மீட்டர் இடைவெளி விட்டு நின்றால் வரிசையின் அகலம் 450 மீட்டர். ஒரு நாளில் 15 கிலோமீட்டர் நடந்தாலும் 7 சதுர கிலோமீட்டருக்குக் குறைவாகவே பார்க்க முடியும். மொத்தத்தையும் ஒரு முறை பார்த்து முடிக்க ஒரு மாதம் ஆகும். பத்து மீட்டர் என்பதும் தாராளமான இடைவெளிதான். விரல்நுனி அளவுள்ள கல் ஐந்து மீட்டர் தொலைவில் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். பல தேடல்களின் முடிவில் கிடைத்த மொத்தக் கற்கள் ஏறத்தாழ 600 என்பதால், சராசரியாக ஒரு சதுர கிலோமீட்டருக்கு மூன்று கற்கள் என்று ஆகிறது. நான்கு நாள் பயணத்தில், எங்கே முதலில் நடப்பது என்ற முடிவே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். கணிப்பின் உண்மையான மதிப்பு இங்கேதான் வெளிப்பட்டது.

தங்குவதற்கான ஏற்பாட்டையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். நாள் முழுவதும் வெயிலில் நடப்பவருக்குக் குடிப்பதற்கு மட்டும் நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் என்று வைத்தால், 45 பேருக்கு நான்கு நாளில் 900 லிட்டர் வேண்டும், சமையல் தனி. அத்தனையும் வண்டியில் சுமந்து செல்லப்பட வேண்டும், வண்டி மணலில் புதைந்தால் இழுப்பதற்கு இன்னொரு வண்டி வேண்டும். டிசம்பர் மாதத்தைத் தேர்ந்தெடுத்ததில் பொருள் உண்டு: பகல் வெயில் தாங்கக்கூடியது, இரவு மட்டும் குளிரும். ஒரு வெளிநாட்டுக் குழு தனியாக வந்து இத்தனை பேரைத் திரட்டி, இத்தனை ஏற்பாட்டைச் செய்து, உள்ளூர் அனுமதிகளையும் பெற்றிருக்க முடியும் என்று நான் நம்பவில்லை. பல்கலைக்கழகம் தன் மாணவர்களை அனுப்பியதே இத்தேடலின் அடித்தளம்.

டிசம்பர் 6 அன்று மாணவர் ஒருவர் முதல் கல்லைக் கண்டார். விழுந்த கல்லை நிலத்துக் கல்லிலிருந்து பிரித்தறிவது எப்படி என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பாலைவனம் விண்கல் தேட ஏற்ற இடம் என்பதற்குச் செடியின்மையும் ஈரமின்மையும் வெளிறிய தரையும் காரணம் என்பர். ஆனால் நூபியப் பாலையின் சரளைப் பரப்பில் கறுத்த கற்களுக்குப் பஞ்சமில்லை. வெயிலும் காற்றும் பன்னெடுங்காலமாக மேற்பரப்பில் படியவைத்த கருமை உள்ளூர்க் கற்களிலும் உண்டு. விண்கல்லின் கருமை வேறு: வளிமண்டலத்தில் அதன் மேற்புறம் உருகி உடனே உறைந்ததால் ஏற்பட்ட, ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய தோல் அது. அத்தோல் மழுங்கிய விளிம்புகளோடு கல்லை முழுவதும் போர்த்தியிருக்கும். உடைந்த முகம் இருந்தால் உள்ளே வேறு நிறமும் மணிமணியான அமைப்பும் தெரியும். இரண்டு மாதங்களுக்கு முன் விழுந்த கல் மண்ணில் புதையாமல், சரளைக் கற்களின் மேலேயே கிடக்கும். முதல் கல் கையில் வந்த பிறகு மற்றவர்களுக்கு எதைத் தேடுகிறோம் என்பது கண்ணால் தெரிந்தது. அந்த நான்கு நாட்களில் 15 கற்கள் கிடைத்தன. மொத்த எடை 563 கிராம்.

டிசம்பர் 25 முதல் 30 வரை நடந்த இரண்டாம் தேடலில் 72 பேர் நடந்தனர். அதன் முடிவில் மொத்தம் 47 கற்கள், 3.95 கிலோகிராம் என்று ஆயிற்று. மிகச் சிறியது 1.5 கிராம், மிகப் பெரியது 283 கிராம். 2009 மார்ச் மாதம் நேச்சர் இதழில் வெளிவந்த முதல் ஆய்வுக் கட்டுரை இந்த 47 கற்களை அடிப்படையாகக் கொண்டது. அடுத்த தேடல்களில் 0.2 கிராம் முதல் 379 கிராம் வரையிலான கற்கள் சேர்ந்து, மொத்த எடை 10.7 கிலோகிராம் ஆனது. வானில் 80 டன்னாக இருந்ததில், பதினொரு கிலோகூடக் கைக்கு வரவில்லை. ஆனால் அதுவரை எந்தச் சிறுகோளைப் பற்றியும் இவ்வளவு தெரிந்திருக்கவில்லை.

இடக்குறிப்பின் பயன்

களத்தில் பின்பற்ற வேண்டிய ஒழுங்கு மிகவும் எளிமையானது. கல்லைக் கண்டவர் அதைத் தொடாமல் நிற்க வேண்டும், கிடந்த நிலையிலேயே படம் எடுக்க வேண்டும், ஜி.பி.எஸ். கருவியால் இடத்தைக் குறிக்க வேண்டும். கை படாமல் சுத்தமான அலுமினியத் தாளில் எடுத்து, எண் இட்டு வைக்க வேண்டும். விண்கல் தேடுவோரிடையே காந்தத்தை ஒட்டிப் பார்க்கும் பழக்கம் உண்டு. ஆனால் அது கல்லுக்குள் இருக்கக்கூடிய பழைய காந்தப் பதிவை அழித்துவிடும் என்பதால் தவிர்க்கப்பட வேண்டியது. கை படாமை என்ற விதி வெறும் சடங்கல்ல. 2010-ஆம் ஆண்டில் இக்கற்களில் விண்வெளித் தோற்றம் கொண்ட அமினோ அமிலங்கள் இருப்பதாக ஆய்வாளர்கள் அறிவித்தபோது, அவை மனித வியர்வையிலிருந்தோ மண்ணிலிருந்தோ வந்தவை அல்ல என்று வாதிட முடிந்ததற்குச் சுத்தமான சேகரிப்பும் ஒரு காரணம்.

முதல் கல்லின் துண்டை நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் மைக்கேல் சொலென்ஸ்கி ஆராய்ந்தபோது, அது யூரைலைட் என்ற அரிய வகை என்று தெரிந்தது. கிராஃபைட்டும் நுண்வைரங்களும் கலந்த, கரிமம் மிகுந்த, ஒரு காலத்தில் பகுதியளவு உருகிய பாறை அது. ஆனால் அதுவரை அறியப்பட்ட யூரைலைட்டுகளை விடத் துளைகள் மிகுந்ததாகவும் எளிதில் நொறுங்குவதாகவும் இருந்தது. 37 கிலோமீட்டர் உயரத்தில் உடைந்ததன் காரணம் கையில் கிடைத்தது. அதோடு, வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கி எடுத்த நிறமாலையை ஆய்வகத்தில் இக்கற்கள் எதிரொளித்த ஒளியோடு ஒப்பிட்டபோது, வானியலாளர் எஃப் வகை என்று பெயரிட்டிருந்த கரிய சிறுகோள்களுக்கும் இக்கல்லுக்கும் தொடர்பு உறுதியானது. சிறுகோளின் நிறமாலையும் அதே சிறுகோளின் துண்டும் ஒருங்கே கிடைத்தது வரலாற்றில் அதுவே முதல் முறை.

பிறகு ஒரு சிக்கல் எழுந்தது. கற்கள் அனைத்தும் யூரைலைட்டாக இல்லை. சில துண்டுகள் என்ஸ்டடைட் காண்டிரைட்டுகளாக இருந்தன; சில சாதாரண காண்டிரைட்டுகள்; சில கரிமக் காண்டிரைட்டுகள். இவை ஒருபோதும் உருகாத, வெவ்வேறு தாய்க்கோள்களிலிருந்து, அதாவது விண்கற்கள் உடைந்து பிரிந்த மூலப் பொருள்களிலிருந்து, வந்திருக்க வேண்டிய பாறைகள். ஒரே சிறுகோளுக்குள் இத்தனை வகை எப்படி இருக்க முடியும்? பாலைவனத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விழுந்து கிடக்கும் பழைய விண்கற்களைத் தேடியவர்கள் அறியாமல் சேர்த்து எடுத்துவிட்டார்களா? இது நியாயமான ஐயம். எந்தப் பாலைவனத் தேடலிலும் எழுந்தே தீரும் ஐயம்.

இதற்கு விடை மூன்று வழிகளில் வந்தது. அந்தக் காண்டிரைட்டுகளின் மேல்தோலும் யூரைலைட்டுகளைப் போலவே புதிதாக, துருப்பிடிக்காமல் இருந்தது. அடுத்து, சில துண்டுகளில் குறுகிய ஆயுள் கொண்ட கதிரியக்க ஐசோடோப்புகள் அளக்கப்பட்டன. விண்வெளிக் கதிர்களால் உண்டாகி, தரைக்கு வந்தபின் விரைவில் குறைந்துவிடும் அவை இன்னும் இருந்தன என்றால், கல் அண்மையில்தான் விழுந்திருக்க வேண்டும். மூன்றாவது, இடம். எண்ணும் இடக்குறிப்பும் கொண்ட பல்கலைக்கழகச் சேகரிப்பிலேயே வேற்று வகைக் கற்கள் இருந்தன. அவை யூரைலைட்டுகள் கிடந்த அதே சிதறல் களத்துக்குள் கிடந்தன. ஆகவே 2008 டிசி3 என்பது பல தாய்க்கோள்களின் உடைசல்கள் ஒன்றுசேர்ந்து, மெல்ல இறுகிய ஒரு கலவைக் குவியல் என்ற முடிவு நிலைபெற்றது.

இந்த மூன்றாவது சான்று எல்லாக் கற்களுக்கும் கிடைக்கவில்லை என்பதுதான் வருத்தத்துக்குரியது. பல்கலைக்கழகத்தின் தேடல்களுக்குப் புறம்பாக எடுக்கப்பட்டுச் சேகரிப்பாளர்களின் வழியாக ஐரோப்பிய ஆய்வகங்களை அடைந்த துண்டுகள் பல. அவை எம்எஸ் என்ற எழுத்துக்களோடு தனி வரிசையில் எண்ணிடப்பட்டன. பல்கலைக்கழகச் சேகரிப்பின் கற்களுக்கு ஏஎச்எஸ் என்ற வரிசை. எம்எஸ் வரிசைத் துண்டுகளை ஆராய்ந்த ஜெர்மனியின் மியூன்ஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அரிய வகைகளை வெளிக்கொணர்ந்தார்கள். அவர்களுடைய உழைப்பு மதிப்புக்குரியது. எனினும் அக்கற்கள் எந்த இடத்தில் கிடந்தன என்பது அவற்றோடு வரவில்லை. ஒரு கல் எங்கே கிடந்தது என்பதைப் பின்னாளில் எந்தக் கருவியாலும் மீட்டெடுக்க முடியாது.

இடக்குறிப்பு வேறு எதற்குப் பயன்படும் என்பதை 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. உடைந்து சிதறிய கற்களில் சிறியவை காற்றின் தடையால் விரைவில் வேகம் இழந்து பாதையின் தொடக்கத்திலேயே இறங்கிவிடும். பெரியவை உந்தத்தால் கிழக்கே மேலும் தொலைவு சென்று விழும். இது எதிர்பார்த்ததே. ஜெனிஸ்கென்ஸ், நாசாவின் ஏம்ஸ் மையத்தைச் சேர்ந்த டாரல் ராபர்ட்சன், ஷத்தாத் முதலியோர் கற்கள் கிடந்த இடங்களையும் வகைகளையும் கணினி மாதிரியோடு பொருத்திப் பார்த்தபோது, தரையை அடைந்தவை பெரும்பாலும் சிறுகோளின் பின்புறத்தின் கீழ்ப்பகுதியைச் சேர்ந்தவை என்று தோன்றியது. முன்புறம் அழுத்தத்தால் நொறுங்கி ஆவியாகும்போது, பின்னால் உண்டான வெற்றிடத்தின் மறைவில் இருந்த பகுதியே தப்பியது. வேற்று வகைக் காண்டிரைட்டுகளோ களம் முழுவதும் பரவலாகக் கிடந்தன; அதாவது சிறுகோளுக்குள் அவை ஒரு மூலையில் ஒதுங்கியிராமல் எங்கும் விரவிக் கலந்திருந்தன. மாணவர்கள் பாலையில் நின்று குறித்த எண்கள் இல்லாவிட்டால், அழிந்துபோன ஒரு சிறுகோளின் உள்ளமைப்பைப் பற்றி இப்படிப் பேச வழியே இல்லை.

தனிக் கற்கள் சொன்ன செய்திகளும் உண்டு. ஏஎச்எஸ் 202 என்ற கரிமக் காண்டிரைட் துண்டில் டிரெமோலைட் என்ற கனிமம் காணப்பட்டது. அது நீரின் முன்னிலையில், நீடித்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாவது என்பதால், சிறுகோள் பட்டையில் மிகப் பெரியதான சீரிஸ் அளவுக்கு நிகரான பெரிய தாய்க்கோள் ஒன்று இருந்து அழிந்திருக்க வேண்டும் என்று 2020-இல் ஆய்வாளர்கள் வாதிட்டனர். இன்னொரு யூரைலைட் துண்டின் வைரங்களுக்குள் சிக்கியிருந்த கனிமங்களைக் கொண்டு, புதனுக்கும் செவ்வாய்க்கும் இடைப்பட்ட அளவுள்ள ஒரு கோளின் உட்பகுதியில் அவ்வைரங்கள் விளைந்தன என்று 2018-இல் ஒரு குழு எழுதியது. மோதலின் அதிர்ச்சியே வைரங்களை உண்டாக்கப் போதும், பெரிய கோள் தேவையில்லை என்று 2020-இல் மற்றொரு குழு மறுத்தது. இரண்டாவது வாதமே எளிமையானது என்பதால் எனக்கு அது ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

கார்ட்டூமும் கலஹாரியும்

2009 டிசம்பரில், இக்கல்லைப் பற்றிய பன்னாட்டுக் கருத்தரங்கு கார்ட்டூம் பல்கலைக்கழகத்திலேயே நடந்தது. பல நாடுகளின் ஆய்வாளர்கள் அங்கே கூடி, கற்கள் விழுந்த களத்துக்கும் சென்றுவந்தனர். கண்டெடுத்த நாட்டின் பல்கலைக்கழகம் சேகரிப்பின் உரிமையாளராக இருந்து, உலகம் அதனிடம் வந்து துண்டு கேட்டுப் பெறும் முறை பாலைவன விண்கற்களைப் பொறுத்தவரை அரிது. வட ஆப்பிரிக்கப் பாலைகளில் எடுக்கப்படும் கற்களில் மிகப் பல, கிடந்த இடம் தெரியாமலேயே சந்தைக்குப் போய்விடுகின்றன. 2023 ஏப்ரலில் தொடங்கிய போர் கார்ட்டூம் நகரையே போர்க்களமாக்கியது என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இதே முறை பத்தாண்டுகளுக்குப் பிறகு வேறொரு பாலையில் பின்பற்றப்பட்டது. 2018 ஜூன் 2 அன்று, அதே மவுண்ட் லெமனிலிருந்து கண்டறியப்பட்ட 2018 எல்ஏ என்ற சிறிய சிறுகோள், சில மணி நேரத்தில் போட்ஸ்வானாவின் மத்திய கலஹாரி வனவிலங்குக் காப்பகத்தின் மேல் வெடித்தது. தென்னாப்பிரிக்காவிலும் போட்ஸ்வானாவிலும் இருந்த கண்காணிப்புக் கேமராக்களின் பதிவுகளையும், ஆஸ்திரேலியாவின் ஸ்கைமேப்பர் தொலைநோக்கியின் அளவீட்டையும் கொண்டு களத்தின் எல்லை சுருக்கப்பட்டது. ஜெனிஸ்கென்ஸுடன் சேர்ந்து தேடியவர்கள் போட்ஸ்வானாவின் புவி அறிவியல் நிறுவனத்தையும் பல்கலைக்கழகங்களையும் சேர்ந்தவர்கள். இங்கே தரை வேறு: புல்லும் முட்புதரும் மண்டிய மணல், சிங்கமும் யானையும் உலவும் காடு, ஆகவே முகாமுக்கும் நடப்பவர்களுக்கும் வனத்துறையினர் காவல் நின்றனர். ஜூன் 23 அன்று 18 கிராம் எடையுள்ள முதல் கல் கிடைத்தது. பிற்பாடு நடந்த தேடல்களோடு சேர்த்து 23 கற்கள் ஆயின. மோட்டோபி பான் என்று பெயரிடப்பட்ட அவை, வெஸ்டா என்ற பெரிய சிறுகோளிலிருந்து வந்தவையாகக் கருதப்படும் வகையைச் சேர்ந்தவை. அவை போட்ஸ்வானாவின் பொறுப்பிலேயே உள்ளன.

நடந்து தேடும் முறைக்கு மாற்றும் இப்போது உருவாகிவருகிறது. 2021 ஏப்ரல் 1 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் நல்லர்பார் சமவெளியில் விழுந்த கல்லைத் தேடி, கர்ட்டின் பல்கலைக்கழகக் குழு ட்ரோன்களைக் கொண்டு நான்கு நாட்களில் 5.1 சதுர கிலோமீட்டர் பரப்பைப் படம் எடுத்து, கணினியைக் கொண்டு அப்படங்களைச் சலித்தது. கணித்த கோட்டிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் 70 கிராம் எடையுள்ள கல் கிடைத்தது. ட்ரோன் சென்ற பரப்பு சூடானில் 45 பேர் நடந்திருக்கக்கூடிய பரப்பைவிடக் குறைவுதான்; ஆனால் அதற்குத் தேவைப்பட்டவர்கள் ஒரு சிறு குழுவினர் மட்டுமே, கண்ணின் களைப்பும் அதற்கு இல்லை. கணினி விண்கல்லாக இருக்கலாம் என்று காட்டிய இடங்களுள் நிழல்களும் உண்டு, விலங்கின் எலும்புகளும் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகக் கழித்து எஞ்சிய இடத்துக்கு ஒருவர் நடந்து சென்று, குனிந்து பார்த்து, கல்லை எடுப்பதற்கு முன் அதன் இடத்தைக் குறிக்கும் வேலை அங்கேயும் முகாமிட்டவர்களிடமே இருந்தது.